புதுப்பிப்பு: கொலாஜில் பத்திரிகைத் தாள் சுருங்காமல் ஒட்டியது எப்படி

பெண்கள் மீதான எதிர்பார்ப்புகளைப் பற்றிய என் கொலாஜில் (வெட்டிய படங்களையும் எழுத்துகளையும் ஒட்டிச் செய்யும் படம்) பத்திரிகைத் தாள் சுருங்குகிறது என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது மேட் மீடியம் (பசையாகவும் பயன்படும், பளபளப்பில்லாத அக்ரிலிக் கலவை) யோசனைதான்: அட்டையிலும் தாளின் பின்புறத்திலும் மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தி, பட்டர் பேப்பர் போட்டு மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ராத்திரி முழுக்க விட்டேன், சுருக்கமே இல்லை. இங்க்ஜெட் பிரிண்ட் மட்டும் மை கரைந்தது. லேசர் பிரிண்டில் அந்தத் தொல்லை இல்லை.

எதிர்பாராதது இன்னொன்று. 1920-களில் ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோக் பத்திரிகைப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துச் செய்த படத்தொகுப்புகளைப் பார்க்கச் சொன்னீர்களே, அதற்கப்புறம் முழு முகங்களை ஒட்டுவதை விட்டேன். அலுவலக அடையாள அட்டை தொங்கும் கழுத்துக்கு மேல் அழகு விளம்பரத்தின் சிரிப்பு மட்டும், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் "குழந்தை எப்போது?" என்ற எழுத்துகள். நான் சொல்ல நினைத்த நெருக்கடி இதில்தான் வந்திருக்கிறது.