லேட்டாக வந்தால் அபராதம் பிடிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். தையல் லைனில் பாதிப் பேர் 8:45க்குத்தான் வருகிறார்கள், ஷிஃப்ட் 8:30க்கு. ஆளுக்கு 50 ரூபாய் பிடிக்கச் சொல்கிறார் முதலாளி. சரிவருமா?

பதில்: வராதுங்க. இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். க்னீசி, ருஸ்டிகினி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது! காசுதான் கட்டியாச்சே, அப்புறம் என்ன கூச்சம்? அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை.

இன்னொருவர்: ஏன் லேட் என்று கேட்டீர்களா? எங்கள் யூனிட்டில் பல்லடம் பஸ்தான் காரணம். ஷிஃப்டைக் கால் மணி நேரம் தள்ளிவைத்தோம். டைம் ஆபீஸ் வாசலில் இப்போது கெஞ்சல் இல்லை.

கேட்டவர்: இங்கேயும் அதே பஸ்தான்! ஹைஃபா கதையைச் சொன்னால், "நான் என்ன பால்வாடியா நடத்துறேன்?" என்பார் முதலாளி. சூப்பர்வைசரை விட்டுப் பேசிப் பார்க்கிறேன்.