ஒரு கிராம் தூண்டில்: வசந்தகால ப்ளூகில், கிராப்பி அனுபவங்கள்

மிச்சிகனிலிருந்து

பனி உருகி, கரையோரத் தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் எங்கள் பக்கத்து ஏரிகளில் ப்ளூகில் மீன்கள் கரைக்கு வந்துவிடும். வாணலியில் முழுசாக அடங்கும் சின்ன மீன்கள்தான். பார்க்க நம்ம ஊர் ஜிலேபி மீனுக்குச் சித்தப்பா பையன் மாதிரி இருக்கும். சின்னத் தூண்டில் போட்டுப் பிடித்தவர்கள் உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். முதலில் என் மானம் போன கதை.

மூன்று வருடம் முன்பு ஏழடி நீளத்தில் நடுத்தர ராடு ஒன்றும், 10 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு சுற்றிய ரீலும் வாங்கினேன். பெரிய மீன் வந்தாலும் தாங்கட்டுமே என்ற கணக்கு. கூடவே 1/32 அவுன்ஸ் ஜிக் (தலையில் ஈயக் குண்டு வைத்த முள்) ஒரு பொட்டலம். அந்த எடை ஒரு கிராமுக்கும் குறைவு, பத்து சென்ட் டைம் நாணயத்தில் பாதிகூட இல்லை. கரையில் நின்று முழு பலத்தோடு வீசினேன். ஜிக் என் ஷூவுக்கு மூன்றடி முன்னால் விழுந்தது. ஐந்தாறு முறை வீசியும் அதே கதைதான். "அப்பா, கையால் தூக்கிப் போடுங்கப்பா" என்றான் மகன்.

அப்புறம்தான் புரிந்தது. ஜிக்கின் எடையில் ராடு வளைந்து நிமிரும்போதுதான் வீச்சு கிடைக்கிறது. ஒரு கிராம் அந்தத் தடிக்கம்பை அசைக்கக்கூட இல்லை. தடித்த நரம்பு வேறு சுருள் சுருளாக வந்து வளையங்களில் உரசி, இருக்கிற கொஞ்ச வேகத்தையும் தின்றுவிட்டது. அன்று மானத்தைக் காத்தது சிவப்பு வெள்ளைத் தக்கை. அதன் எடையில் தூண்டில் இருபதடி போனது. ஜிக்கைக் கழற்றிவிட்டு வெறும் முள்ளில் பாதி மண்புழுவைக் கோர்த்தேன். நான்கு மீன்.

இப்போது ஐந்தரை அடி அல்ட்ரா லைட் ராடு, 1000 அளவு ரீல், 4 பவுண்டு நரம்பு. காற்றில்லாத நாளில் 1/64 அவுன்ஸ்கூட ஓரளவு போகிறது. ப்ளூகில்லின் வாய் சட்டைப் பொத்தான் அளவுதான், அதனால் 8 அல்லது 10ஆம் எண் முள் போதும். ஜிக் முள்ளில் இரண்டு அங்குல ரப்பர் வால் மாட்டினால் வாலை மட்டும் கடித்து இழுத்துவிட்டு ஓடிவிடும், டொக் டொக் என்று தட்டுவதோடு சரி. வாலை ஓர் அங்குலத்துக்கு நறுக்கிய பிறகுதான் முள் மாட்டத் தொடங்கியது. மாட்டியதும் மீன் தன் தட்டை உடம்பை நமக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு வட்டமடிக்கும். கையகல மீனுக்கு ராடு அரைவட்டமாக வளைவதைப் பார்க்கத்தான் நான் போகிறேன், சாப்பாட்டுக்கு அப்புறம்.

டென்னசியிலிருந்து

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. எங்கள் பக்கம் ரீல்ஃபுட் ஏரி. 1811-12 நிலநடுக்கங்களில் பூமி இறங்கி உண்டான ஏரி என்பதால் தண்ணீருக்குள் இன்னும் பழைய மர அடிகள் நிற்கின்றன, ஓரமெல்லாம் சைப்ரஸ் மரங்கள். டாக்வுட் மரம் பூத்தால் கிராப்பி (ப்ளூகில்லுக்குச் சொந்தக்கார மீன்) கரையோரம் வரும் என்பது இந்த ஊர்க் கணக்கு. பெரும்பாலும் ஒத்துப்போகிறது. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது அவை முட்டையிட ஆழம் குறைந்த இடத்துக்கு வரும், பூவும் ஏறக்குறைய அப்போதுதான்.

கிராப்பிக்குக் 'காகித வாய்' என்று பட்டப்பெயர். இது தெரியாமல், தக்கை முங்கியதும் விரால் பிடிக்கிற பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தேன். முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வந்தது. ஒரு காலையில் ஏழு மீன் அப்படிப் போனது. முள் மழுங்கிவிட்டது என்று முள்ளை மாற்றினேன், தப்பு கையில் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. இப்போது மணிக்கட்டை லேசாக உயர்த்துவதோடு சரி. படகருகே வந்ததும் தூக்கவே மாட்டேன், வலைதான்.

இன்னொன்று: கிராப்பி மேலே பார்த்துத்தான் இரை தேடும். அதற்குக் கீழே போன ஜிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நரம்பில் ஏறி இறங்கும் தக்கையை வைத்து முதலில் மூன்றடி ஆழம், கடிக்காவிட்டால் அரையடி அரையடியாக இறக்குவேன். சில சமயம் தக்கை முங்காது, மாறாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு மேலே ஏறுகிறது என்று அர்த்தம். அதைக் காற்று என்று நினைத்து விட்ட மீன்கள் எத்தனையோ.

டெக்சஸிலிருந்து

குடும்பத்தோடு தொடங்க நினைப்பவர்களுக்கு: இங்கே மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். முதல் நாள் என் மனைவிக்கு ஒன்பது அங்குலக் கிராப்பி, எனக்கு மரக்கிளை. ஆசையாகப் பையில் போட எடுத்தபோது அளவுகோல் ஞாபகம் வந்தது. பத்து அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். வீடு வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

ஜிக் பொறுமை இல்லாதவர்களுக்குத் தகடு சுழலும் பீட்டில் ஸ்பின் நல்லது. வீசி, மெதுவாகச் சுற்றினால் போதும், தகடு சுற்றுவது கையில் தெரியும். அதைவிட மெதுவாகச் சுற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மினசோட்டாவிலிருந்து

கொஞ்சம் வருத்தமான கதை. ஜூன் தொடக்கத்தில் ஒரு சின்ன ஏரியில் ப்ளூகில் முட்டையிடும் குழிகளைக் கண்டேன். தெளிந்த மணலில் தட்டுத் தட்டாக இருபது முப்பது வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நெஞ்சோடு ஓர் ஆண் மீன் காவல். முட்டையைக் காப்பது அப்பன்தான். அது பசிக்குக் கடிப்பதில்லை, குழிக்குள் விழுந்ததை வெளியே தள்ளக் கடிக்கிறது. சும்மா ஒரு ஜிக்கைப் போட்டாலே மாட்டிவிடும். பெரிய பெரியவையாகப் பார்த்துப் பிடித்து எடுத்துக்கொண்டு போனேன், மறுநாளும் போனேன். நண்பர்களிடமும் இடத்தைச் சொன்னேன்.

மூன்றாம் வருடம் அதே ஏரியில் உள்ளங்கையைத் தாண்டிய மீன் கிடைக்கவில்லை. பெரிய ஆண்கள் போய்விட்டால் சின்னவை வளர்வதை விட்டுவிட்டு அவசரமாக இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுமாம். அந்த ஏரி அப்படி ஆனதற்கு நான் மட்டுமே காரணம் இல்லைதான், ஆனாலும் பங்கு உண்டு. இங்கே சில ஏரிகளில் ஒரு நாளைக்கு 5 அல்லது 10 என்று வரம்பைக் குறைத்ததற்குக் காரணமும் இதுதான். இப்போது குழியில் நிற்கும் பெரிய மீனை எடுப்பதில்லை. நடுத்தர அளவுதான் வறுவலுக்கும் ருசி, நம்புங்கள்.

சிகாகோவிலிருந்து

ப்ளூகில் எங்கள் மாநில மீன். 1960இல் இங்கே வந்த ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் இதைத்தான் பரிசாகக் கொடுத்தனுப்பினார். அங்கே அது ஏரிகளில் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. பேரரசரான பிறகு 2007இல் அகிஹிட்டோவே வருத்தம் தெரிவித்தார். பிடித்த மீனை வேறு குளத்தில் 'வளரட்டும்' என்று விடுகிற நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அளவு பற்றிப் பேசுபவர்களுக்கு: 1950இல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் பிடிபட்ட ப்ளூகில் 4 பவுண்டு 12 அவுன்ஸ். என் வாழ்நாள் சாதனை அதில் கால்வாசிகூட இல்லை. அதற்கே கையில் முதுகு முள் ஏறி ரத்தம் வந்தது. தலைப்பக்கமிருந்து வாலை நோக்கி உள்ளங்கையை வழித்து முள்ளை மடக்கிப் பிடியுங்கள், குத்தாது.

மிச்சிகனிலிருந்து, மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன். தண்ணீர் 61 டிகிரி, இன்னும் குழி எதுவும் தோண்டவில்லை. கோரைப்புல் ஓரமாக நான்கடித் தண்ணீரில் 1/64 அவுன்ஸ் ஜிக், மேலே விரல் நுனி அளவுத் தக்கை. டென்னசிக்காரர் சொன்னபடியே இரண்டு முறை தக்கை படுத்தது. ஒன்றைக் காற்று என்று விட்டேன், அடுத்ததில் கிராப்பி. மொத்தம் ஒரு கிராப்பி, ஆறு ப்ளூகில். மகன் வீசிய முதல் ஜிக் வில்லோ மரத்தில் மாட்டி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அவனுடையது என்னுடையதைவிடத் தூரம் போனது.