பாதி சீசனில் கோச் மாறினார், கோல் நின்றுபோனது. பொறுப்பதா, பேசுவதா?

பிடோக்_9:
ஞாயிற்றுக்கிழமை கால்பந்து லீகில் ஆடும் சாதாரணக் குழு எங்களுடையது. நான் ஸ்டிரைக்கர். எனக்கு வயது 34, முழங்காலுக்கு 50. பழைய கோச்சுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் பாதியிலேயே போய்விட்டார். அதுவரை குழுவாக 7 ஆட்டத்தில் 15 கோல் போட்டோம். புதியவர் வந்தபின் 5 ஆட்டத்தில் 3. அதிலும் ஒன்று எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது.

முன்பு 4-4-2, அதாவது பின்னால் 4 பேர், நடுவில் 4, முன்னால் 2. வலது ஓரத்து விங்கர் எதிரணிக் கோல் கோடுவரை ஓடிப் பந்தைத் தூக்கிப் போடுவான், நான் தலையைக் கொடுப்பேன். எங்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். இப்போது 3-4-3. அதே விங்கர், ஓரம் முழுவதும் தடுத்தும் தாக்கியும் ஆடவேண்டிய விங்-பேக் ஆகிவிட்டான். பின்னால் போய்த் தடுத்துவிட்டு மேலே வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. நான் எதிரணிப் பெனால்டி பெட்டிக்குள் தனியாக நிற்கிறேன்.

வாங்குகிற கோல் குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயிற்சி புதன் இரவு மட்டும்தான். போன மாதம் இரண்டு புதன் மின்னல் எச்சரிக்கை வந்து, கூரைக்கடியில் கோப்பி குடித்ததோடு சரி.

சிவப்புச்சட்டை_உட்லண்ட்ஸ்:
உங்கள் ஆள் சரியில்லை புரோ. 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் கோச் மொரின்யோ போய் சோல்ஷார் வந்ததும் முதல் ஆட்டத்திலேயே யுனைடெட் கார்டிஃப் குழுவை 5-1 என்று அடித்தது. 2013இல் பழைய கோச் ஃபெர்குசனின் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு லீகில் 5 கோல் போட்டது அன்றுதான். நல்ல கோச் என்றால் உடனே தெரியும்.

தேக்கா_மாமா:
தம்பி சிவப்புச்சட்டை, அதே சீசனின் கடைசி ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அதே கார்டிஃப் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபர்டுக்கு வந்து 2-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. சோல்ஷார் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, கட்டிப்போட்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார் என்பது என் கணிப்பு. அதே யுனைடெட்டுக்கு அமோரிம் 2024 நவம்பரில் கோச்சாக வந்து ஆட்டமுறையையே மாற்றினார், பிடோக் தம்பி சொல்லும் அதே 3-4-3. முதல் ஆட்டத்தில் இப்ஸ்விச்சுக்கு எதிராக 2ஆவது நிமிடத்திலேயே ராஷ்ஃபர்ட் கோல். அப்புறம்? லீகில் 15ஆம் இடம், 38 ஆட்டத்தில் 44 கோல். அவருக்கு முன் டென் ஹாக் கோச்சாக இருந்தபோதும் வறட்சிதான், முழுப் பழியையும் இவர்மேல் போடமாட்டேன்.

தற்காப்பு சீக்கிரம் கைகூடும். 'இங்கே நில்' என்றால் நிற்கலாம். தாக்குதல் அப்படி இல்லை. விங்கர் தலை நிமிர்வதற்கு முன்பே நீங்கள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, இரண்டு பேரும் சேர்ந்து நூறு தடவை தப்பு பண்ணித்தான் வரும். மின்னல் போக மிஞ்சுகிற புதன்கிழமைகளில் எத்தனை தடவை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் சிங்கப்பூர் தேசியக் குழுவும் 2025இல் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் நடுவேதான் கோச்சை மாற்றியது. கோச் ஒகுரா விலகினார், துணையாக இருந்த கேவின் லீ பொறுப்பேற்றார். பழகிய குரல், புதுப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. கோவாவில் சோங் உய் யங் 2 கோல் போட்டு இந்தியாவை 2-1 என வென்றோம். ஹாங்காங்கில் முதலில் கோல் வாங்கிவிட்டு, இரண்டாம் பாதியில் ஷாவல் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் போட்டு 2-1. அன்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குக் கத்தினேன்.

கோச்சிடம் பேசுங்கள், ஆனால் 'பழைய மாதிரியே ஆடலாமே' என்று ஆரம்பித்தால் அவர் காதை மூடிக்கொள்வார். விங்-பேக் மேலே ஏறும்போது அவன் இடத்தை யார் காப்பது என்று மட்டும் கேளுங்கள். அவன் பாதி நேரம் தயங்குவது அதனால்தான். பந்தையும் கோடுவரை கொண்டுபோகாமல், பெட்டி மூலைக்கு நேராக வந்ததுமே போடச் சொல்லுங்கள். நீங்களும் முன்பைவிடத் தாமதமாக, தூரத்துக் கோல் கம்பத்தை நோக்கி ஓடவேண்டி வரும். பயிற்சி முடிந்ததும் இரண்டு பேர் மட்டும் 15 நிமிடம் நின்று பாருங்கள்.

பிடோக்_9:
மாமா, நீங்கள்தான் எங்கள் புது கோச்சோ என்று சந்தேகம் வந்துவிட்டது. புதன் இரவு நின்றோம். இருபதில் மூன்று தலையில் பட்டது, ஒன்று மூக்கில். இடத்தை யார் காப்பது என்று கேட்டதற்கு கோச், 'இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?' என்றார்.

சிவப்புச்சட்டை_உட்லண்ட்ஸ்:
அந்த இரண்டாவது கார்டிஃப் ஆட்டத்தை எதற்கு ஞாபகப்படுத்தினீர்கள் மாமா. மறந்திருந்தேன்.