டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மூன்றாம்_கியர்
ஒரு லாரியை முந்தும்போது நடந்தது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தேன். மூன்றிலிருந்து நான்குக்கு மாறியதே ஆர்பிஎம் முள் இறங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. மேனுவலில் இந்த இடத்தில் வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை தலையாட்டுவார்கள். இதில் இழுவை விடவே இல்லை. தானே கியர் மாற்றும் பெட்டி, உள்ளே கிளட்ச் இரண்டு; மூன்றாம் கியர் ஓடும்போதே நான்காவது கோத்துக்கொண்டு தயாராக இருக்கும், ஒரு கிளட்ச் விட விட மற்றது பிடிக்கும், தெரிந்த கதைதான். படித்தது வேறு, முதுகில் உணர்ந்தது வேறு. உங்களுக்கு?

ஏற்றத்தில்_நின்றவன்
உங்களுக்கு லாரி, எனக்கு மேம்பாலம். ஏற்றத்தில் நெரிசல். அரை அடி நகர்வது, நிற்பது, மறுபடி அரை அடி. வண்டி உதற ஆரம்பித்தது. அப்புறம் கருகல் வாடை. திரையில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை. ஓரம்கட்டி நின்றபோது ஒரு பழைய மேனுவல் வண்டி சாவகாசமாகத் தாண்டிப் போனது. அதன் ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்னுடையது ஏழு கியர், உலர் கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாதது.

எண்ணெய்க்கை
@ஏற்றத்தில்_நின்றவன் கியர்பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். எனக்கும் ஒருமுறை லேசாக வாடை வந்தது, அவ்வளவுதான். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இதில் கிடையாது. ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த உராய்வுதான் சூடு. அதனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கவே கூடாது. பிரேக்கை நன்றாக அழுத்துங்கள், கிளட்ச் விலகிக்கொள்ளும். முன்னால் கொஞ்சம் இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். எச்சரிக்கை வந்தால் ‘பி’யில் (பார்க்கிங்) போட்டு ஆறவிடுங்கள். நெரிசலில்தான் தினமும் ஓட்டுவீர்கள் என்றால் ஈர கிளட்ச் பாருங்கள். தட்டுகள் எண்ணெயில் நனைந்தே இருப்பதால் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், அதிக டார்க்கையும் (இன்ஜினின் சுழற்று விசை) தாங்கும். ஆனால் அந்த எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். உலர் கிளட்சுக்கும் நியாயம் உண்டு. எண்ணெயைக் கடைந்துகொண்டிருக்கும் இழப்பு இல்லை, எரிபொருள் மிச்சமாகும்.

ஆறிலிருந்து_நான்கு
முதல் பதிவரின் லாரி அனுபவத்துக்கு நேர் எதிர் என்னுடையது. ஆறாவதில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தேன். முந்தலாம் என்று திடீரென மிதித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. எதிரே விளக்கு நெருங்குகிறது, கியர்பாக்ஸ் யோசிக்கிறது! பிறகு பின்னாலிருந்து உதைத்த மாதிரி கிளம்பியது. காரணம் புரிய நாளாயிற்று. 1, 3, 5 கியர்களுக்கு ஒரு ஷாஃப்ட் (சுழலும் தண்டு), ஒரு கிளட்ச். 2, 4, 6 இன்னொன்று, ஒன்றுக்குள் ஒன்று செருகியது. ஆறும் நான்கும் ஒரே பக்கம். ஒரு கிளட்சிலிருந்து இன்னொன்றுக்கு நேராகக் கைமாற்ற முடியாது, பெரும்பாலும் ஐந்தைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அடுத்த கியர் எது என்ற அதன் ஊகம் சரியாக இருந்தால்தான் அந்த மந்திரமெல்லாம். இப்போதெல்லாம் முந்துவதற்கு முன்பே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி இறக்கிவிடுகிறேன்.

பழைய_பெட்டி
புதுத் தொழில்நுட்பம், போகப் போகச் சரியாகும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், சிரிப்பு வந்தது. இந்த யோசனை இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. போர்ஷே 1980களிலேயே 962 பந்தயக் காரில் ஓட்டிவிட்டது. சாலைக் காருக்கு வந்ததுதான் தாமதம், 2003இல், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32. என் சம்பவம் சின்னது: பட்டறையில் பிரித்து வைத்த ஒன்றைப் பார்த்தேன். குழாய் மாதிரி வெளி ஷாஃப்ட், அதன் வயிற்றுக்குள் இன்னொரு ஷாஃப்ட். கையால் இரண்டையும் தனித்தனியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றேன், மெக்கானிக் துரத்தும்வரை.

ஏற்றத்தில்_நின்றவன்
@எண்ணெய்க்கை அறிவுரைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. அன்று என் கால் பிரேக்கில்தான் இருந்தது. நகர்ந்தால்தானே ஐயா ஒரே மூச்சில் நகர்வதற்கு? முன்னால் இடம் விட்டால் பக்கத்து வரிசைக்காரர் உள்ளே நுழைந்துவிடுகிறார்.

எண்ணெய்க்கை
நுழையட்டும். கிளட்ச் செட்டை விட அது மலிவு.