புதுப்பிப்பு: 20 பேருக்கு சைடு டிஷ் கேட்டிருந்தேன்ல, செஞ்சாச்சு

சொந்தக்காரங்க 20 பேர் கூடுறாங்க, செலவு இழுக்காம என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தேன்ல, கடைசில உருளைக்கிழங்கு சாலட்தான். ஆளுக்கு 150 கிராம் கணக்குல 3 கிலோ. துண்டு போட்டு பச்சைத் தண்ணிலயே உப்போட போட்டு அடுப்ப பத்த வைங்கன்னு ஒருத்தர் சொன்னீங்களே, செம்ம, கொதிக்கிற தண்ணில போட்டா வெளிய குழைஞ்சு உள்ள நறுக்குன்னு நிக்கும், இது ஒரே சீரா வெந்துச்சு. வடிச்சு சூடு ஆறுறதுக்குள்ள எலுமிச்சை, எண்ணெய், மிளகு கலந்தேன், அப்பதான் உள்ள இறங்குது.

வெங்காயத்துல மட்டும் சொதப்பிட்டேன். முந்தின ராத்திரியே உப்போட கலந்து வச்சதுல காலைல டப்பாவ திறந்தா அடில தண்ணி நிக்குது, வடிச்சுட்டு புதுசா நறுக்கி தூவினேன். மிச்சம் ரெண்டு கரண்டிதான், அதையும் சித்தப்பா டப்பாவோட எடுத்துட்டு போயிட்டார், டப்பா இன்னும் வரல.