பிங்க் ஃப்ளாய்ட் முதல் ஆல்பம்: எந்த ரீமாஸ்டர் வாங்கலாம்? மோனோவா, ஸ்டீரியோவா?

வட்டத்தட்டு (கேள்வி)

'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' 2011 ரீமாஸ்டரை ஸ்ட்ரீமிங்கில் கேட்டுக்கிட்டு இருக்கேன். 1967-ல வந்தது மாதிரியே இல்ல, இன்னிக்கும் புதுசா இருக்கு. ஆனா ஹெட்ஃபோன் போட்டா சத்தம் ரெண்டா பிளந்து நிக்குது. ஒரு காது நிறைஞ்சு வழியுது, இன்னொரு காது காத்தாடுது. ரீமாஸ்டர் பண்ணியும் இதை ஏன் சரி செய்யல? மோனோ வெர்ஷன்தான் 'உண்மையானது'ன்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்க. அது வெறும் பழம்பெருமையா, இல்ல காதுக்கே தெரியுற வித்தியாசமா? கடைசியா, காசு போட்டு ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதை வாங்கலாம்?

---

நாலுட்ராக்

ரீமாஸ்டர் அதைச் சரி செய்யாது, செய்யவும் முடியாது. மிக்ஸ் (தனித்தனியாகப் பதிவானவற்றைக் கலப்பது) முடிந்து இரண்டு சேனலாகிவிட்ட டேப்பை எடுத்து, அதன் ஒலிச்சமன், சத்த அளவு, இரைச்சல் இவற்றைத் திருத்துவதுதான் மாஸ்டரிங். கிட்டார் இடது பக்கம் இருந்தால் ஆயிரம் தடவை ரீமாஸ்டர் செய்தாலும் இடது பக்கம்தான் இருக்கும். இடம் மாற வேண்டுமானால், பதிவுகள் தனித்தனி ட்ராக்கில் இருக்கும் மல்ட்டிட்ராக் டேப்பிலிருந்து ரீமிக்ஸ் செய்ய வேண்டும். 2007, 2011 பதிப்புகள் இரண்டும் ஜேம்ஸ் கத்ரி மேற்பார்வையில் வந்த ரீமாஸ்டர்கள், ரீமிக்ஸ் அல்ல. ஆகவே எந்த ரீமாஸ்டர் என்பது இரண்டாவது கேள்வி. எந்த மிக்ஸ் (எல்லாம் ஒரே சேனலான மோனோவா, இடம்-வலம் பிரிந்த ஸ்டீரியோவா) என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிளந்து கேட்பதற்குக் காரணம் பதிவு செய்த முறை. 1967-ன் முதல் பாதியில் லண்டன் ஆபி ரோட்டில், இஎம்ஐ ஸ்டூடியோவில், 4 ட்ராக் டேப்பில் பதிவானது இது. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். 'ரப்பர் சோல்' வரை பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளராக இருந்தவர். நாலே ட்ராக் என்றால் டிரம்ஸும் பேஸும் பெரும்பாலும் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அன்று தனித்தனியாக நகர்த்த முடியாது. ஒரு கூட்டத்தையே தூக்கி ஒரு பக்கம் வைத்தாக வேண்டும். ஸ்பீக்கரில் கேட்டால் அறையே இரண்டையும் கலந்துவிடும். ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு கிடையாது.

மோனோ பழம்பெருமை அல்ல. அன்றைய பிரிட்டனில் மோனோதான் முதன்மைப் பதிப்பு, நேரமும் கவனமும் அதற்கே போனது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: ஏடிடி. ஒரே குரலை இரண்டு தடவை பாடியதுபோல் காட்டும் முறை, ஆபி ரோட்டில் கென் டவுன்செண்ட் 1966-ல் உருவாக்கியது. குரலை இரண்டாவது டேப் மெஷினுக்கு அனுப்பி, அதன் வேகத்தை ஆசிலேட்டர் குமிழால் கையாலேயே லேசாக ஆட்டி, மூலக்குரலோடு சேர்ப்பார்கள். இது நடப்பது பாடும்போது அல்ல, மிக்ஸ் செய்யும்போது. மோனோ மிக்ஸுக்கு ஒரு தடவை, ஸ்டீரியோ மிக்ஸுக்கு இன்னொரு தடவை. கை ஒரே மாதிரி இரண்டு தடவை ஆடாது. எதிரொலி அளவு, ஃபேடர் ஏற்ற இறக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் இவை ஒரே ஆல்பத்தின் இரண்டு வடிவங்கள் என்பதைவிட, ஒரே பதிவிலிருந்து இரண்டு தனி நிகழ்ச்சிகள் என்பதே சரி.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் 2007-ல் வந்த 40-ஆம் ஆண்டு 2 சிடி பதிப்பு. ஒரு தட்டில் மோனோ, ஒரு தட்டில் ஸ்டீரியோ. 3 சிடி பதிப்பில் 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி ப்ளே' முதலான சிங்கிள்களும் சில மாற்றுப் பதிவுகளும் கூடுதலாக இருக்கும். விலை வித்தியாசம் அதிகமென்றால் 2 சிடியே போதும்.

---

ஊசிமுனை

எல்பி (வினைல் தட்டு) பக்கம் போகிறவர்களுக்கு: 2018 ரெக்கார்டு ஸ்டோர் டேக்கு (தட்டுக் கடைகளின் ஆண்டு விழா) மோனோ மிக்ஸ் எல்பியாக மறுபடி வந்தது. 1967 அசலைத் தேடுவதைவிட இது எவ்வளவோ நடைமுறை. அசல் கொலம்பியா லேபிள் தட்டில் எஸ்எக்ஸ் 6157 என்றால் மோனோ, எஸ்சிஎக்ஸ் 6157 என்றால் ஸ்டீரியோ. அந்த ஒரு 'சி' எழுத்தைக் கவனிக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் பகுதி) ஓட்டலாம், தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்-கீழ் அசைவையும் சேர்த்துப் படிக்கும். அந்த மேல்-கீழில் இசையே இல்லை. தூசி, தட்டின் வளைவு, டர்ன்டேபிள் உறுமல் மட்டும்தான். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், மேல்-கீழ் சிக்னல் ஒன்றையொன்று அடித்துவிடும். கார்ட்ரிட்ஜ் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தாலோ, இரண்டு சேனலுக்கும் 1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ முழுசாக அடிபடாது. சமயத்தில் உச்ச ஒலிகளும் மங்கிப்போகும். பட்டனை அழுத்தியதும் ஹைஹாட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத்தட்டு) மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சாய்வைத்தான்.

பட்டன் இல்லாத சிலர் ஃபோனோ ஸ்டேஜின் (கார்ட்ரிட்ஜ் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) இரண்டு அவுட்புட்டையும் ஒய்-கேபிளால் முடிச்சுப் போடுகிறார்கள். வேண்டாம். ஒரு அவுட்புட் இன்னொன்றைத் தள்ளும், சத்தம் நசுங்கும். தட்டை கம்ப்யூட்டரில் பதிவு செய்து அங்கே மோனோவாகச் சேர்ப்பது சுத்தமான வழி.

இன்னொன்று. இரண்டாம் பக்கம், 9 நிமிடம் 41 விநாடி நீளமான 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' பாட்டில் தொடங்கி, மொத்தம் 21 நிமிடம் ஓடி, 'பைக்' பாட்டில் முடிகிறது. மணிகளும் கடிகாரங்களும் ஒன்றாகக் கிளம்பும் அந்தக் கடைசி நிமிடம் லேபிளுக்குப் பக்கத்தில் விழுகிறது. வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும், உள்ளே 60 மி.மீ. ஆரத்தில் 21 செ.மீ.தான். அதே அதிர்வு பாதிக்கும் குறைவான இடத்தில் அடைந்து கிடக்கும். கோள முனை ஊசி அங்கே கரகரக்கும். தட்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன் ப்ரோட்ராக்டர் (கோண அளவி) வைத்து கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிபாருங்கள், ஊசி தட்டை அழுத்தும் எடையையும் பாருங்கள் (ஏடி-விஎம்95 வகைக்கு 2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம்). பள்ளத்தை மெல்லிய கோடாகத் தொடும் மைக்ரோலீனியர் முனைக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும்.

---

வட்டத்தட்டு

நன்றி ரெண்டு பேருக்கும். எங்கிட்ட டர்ன்டேபிள் இல்லண்ணா, ஹெட்ஃபோன் மட்டும்தான். ஃபோன் செட்டிங்ஸ்ல 'மோனோ ஆடியோ'ன்னு ஒண்ணு இருக்கே, அதை ஆன் பண்ணிட்டா 2011 ஸ்டீரியோவே மோனோ ஆயிடாதா? அப்புறம், நெட்ல மோனோன்னு பேர் போட்டுக் கிடைக்கிறது உண்மையான மோனோ மிக்ஸ்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

---

குறுக்கோட்டம்

ஆகாது தம்பி. ரெண்டு சேனலைக் கூட்டினா ரெண்டுலயும் சமமா இருக்குறது 6 டெசிபல் ஏறும், ஒரே பக்கம் இருக்குறது ஏறாது. ஸ்பீக்கர்ல கேக்குற விகிதத்தோட ஒப்பிட்டா நடுவுல இருக்குற குரல் ஏறக்குறைய 3 டெசிபல் முன்னாடி வந்து நிக்கும். எதிர்ஃபேஸ்ல (ஒரு சேனல்ல அலை ஏறும்போது இன்னொண்ணுல இறங்குற மாதிரி) இருக்குற எதிரொலி காணாமயே போயிடும். கிடைக்கிறது மடிச்ச ஸ்டீரியோ, 1967 மோனோ மிக்ஸ் இல்ல.

சோதனை ரெண்டு இருக்கு, ரெண்டும் ஆடாசிட்டிங்குற ஆடியோ எடிட்டர்ல பண்ணலாம், இலவசம்.

முதல்ல, ஃபைல் மோனோவான்னு பாக்கணும். ஃபைலைத் திறந்து ட்ராக் மெனுவுல ரெண்டு மோனோவா பிரி. கீழ இருக்குறதை மட்டும் செலக்ட் பண்ணி 'இன்வெர்ட்' எஃபெக்ட் போடு. ரெண்டையும் சேர்த்து ஓட்டு. மோனோன்னா நிசப்தம். லேசா ஸ்ஸ்ஸ்னு டேப் இரைச்சல் மட்டும் மிஞ்சினா கவலைப்படாத, மோனோ டேப்பை ஸ்டீரியோ ஹெட்ல ஓட்டியிருப்பாங்க. பாட்டே கேட்டா அது மோனோ இல்ல.

இதுல பாஸாகுறது மடிச்ச ஸ்டீரியோவாவும் இருக்கலாம். அதனால 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' முதல் ஒரு நிமிஷத்தைக் கேளு. அரை அரைச் சுரமா கீழ இறங்குற அந்த கிட்டார் வரியோட, மோனோ மிக்ஸ்ல ஆர்கனும் விசித்திர சத்தங்களும் நல்லாத் தூக்கலா வரும். ஸ்டீரியோவுல அந்த இடத்துல அது அமுங்கிக் கிடக்கும், கடைசியில வரி திரும்பி வரும்போதுதான் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துல ஆர்கன் அமுங்கியிருந்தா, பேர்ல மோனோன்னு போட்டிருந்தாலும் நம்பாத.

ரெண்டு பதிப்பை ஒப்பிடும்போது எல்லாரும் கோட்டை விடுறது சத்த அளவுல. 1 டெசிபல் கூட இருந்தாலே காது அதைத்தான் 'நல்லாருக்கு'ன்னு சொல்லும். ரெண்டு ஃபைலுக்கும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' போட்டு -23 எல்யூஎஃப்எஸ்ல (சராசரி சத்த அளவோட அலகு) வை. சத்தமா இருக்குறதை இறக்கணும், சின்னதை ஏத்தக் கூடாது, ஏத்தினா உச்சி வெட்டுப்படும். ஸ்ட்ரீமிங்கையும் சிடியையும் அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு தீர்ப்பு சொல்லாத. ஸ்பாட்டிஃபை தானாவே -14-க்குக் கொண்டு வரும், சிடி ப்ளேயர் எதையும் தொடாது.

ஸ்டீரியோவை ஹெட்ஃபோன்ல கேக்குறதுக்கு வழி கிராஸ்ஃபீட். ஃபூபார்2000ங்குற கம்ப்யூட்டர் ப்ளேயருக்கு பிஎஸ்2பி ப்ளகின் இருக்கு. இடது சேனல்ல கொஞ்சத்தை, உச்சத்தைக் குறைச்சு, ஒரு நூல் தாமதமா வலது காதுக்கு அனுப்பும். அங்கேர்ந்து இங்கேயும் அப்படியே. 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல்தான் அதோட வழக்கமான அமைப்பு, இந்த ஆல்பத்துக்கு அது போதும். பிளவு மறையாது, தலைக்குள்ள குத்துறது நிக்கும்.

---

மறுகரை

மோனோதான் ஒரிஜினல், ஸ்டீரியோ ஏதோ அவசரத்துக்குச் செய்தது என்று ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். 'இன்டர்ஸ்டெல்லர்' முடிவில் அந்த இறங்கும் வரி திரும்பி வரும்போது, ஸ்டீரியோ மிக்ஸில் சத்தம் இடதுக்கும் வலதுக்கும் மாறி மாறிச் சுழலும். இது மோனோவில் இருக்கவே முடியாது. அந்த இடத்துக்கு மட்டும் கிராஸ்ஃபீடை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுழற்சி பாதி கரைந்துவிடும். ஃபோனின் 'மோனோ ஆடியோ' போட்டாலோ சுழற்சி போய், சத்தம் ஏறி இறங்குவது மட்டும் மிஞ்சும்.

புதுசாக இருக்கிறது என்றீர்களே, அதற்கு ரீமாஸ்டர் காரணமில்லை. சாதனங்களைப் பாருங்கள். குழுவின் பாடகர் சிட் பாரெட்டின் ஃபெண்டர் எஸ்குயர் கிட்டாரும் ரிச்சர்ட் ரைட்டின் ஃபர்ஃபீசா ஆர்கனும் பின்சன் எக்கோரெக் வழியாகப் போகின்றன. இத்தாலியில் செய்த எதிரொலிப் பெட்டி அது. டேப் கிடையாது, சுழலும் உருளையில் காந்தக் கம்பி சுற்றியிருக்கும், அதைச் சுற்றி 4 ப்ளேபேக் ஹெட். எந்த ஹெட் இயங்குகிறது என்பதைப் பொறுத்து எதிரொலி சீராக விழாமல் நொண்டி நொண்டி விழும். அதன் மேல் பாரெட் ஸிப்போ லைட்டரால் கம்பிகளை வழுக்கியிருக்கிறார். 'அஸ்ட்ரானமி டாமினி' தொடக்கத்தில் கிரகங்களின் பெயர் சொல்லும் குரல் மேனேஜர் பீட்டர் ஜென்னருடையது, மெகாஃபோனில் பேசியது. ஒரு ப்ரீசெட்டும் (கருவியிலேயே முன்கூட்டி அமைத்து வைத்த ஒலி) இல்லை, அதனால் ஒரு காலத்தின் ப்ரீசெட் வாடையும் இல்லை.

அடுத்தது பாரெட்டின் தாளம். 'பைக்' பாட்டில் வார்த்தை எங்கே முடிகிறதோ அங்கே அடி முடியும். நாலு நாலாக எண்ணிக்கொண்டு போனால் இரண்டாவது வரியிலேயே விழுந்துவிடுவீர்கள். நர்சரிப் பாட்டு மாதிரி காதில் ஒட்டும், எண்ணிப் பார்த்தால் சிக்காது. பக்கத்து ஸ்டூடியோவில் அதே மாதங்களில் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். மெருகில் அது எட்டு மடங்கு மேலே. ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதில் இதுதான் ஜெயிக்கிறது என்பது என் கட்சி.

ரீமாஸ்டர் வாங்கும்போது காது வைக்க வேண்டிய இடமும் எதிரொலியின் வால்தான். இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள் அளவு மீறினால் முதலில் சாவது அது. 'சாப்டர் 24' கடைசியில் ஆர்கன் அடங்கும் இடத்தைப் பெரிய சத்தத்தில் கேளுங்கள். வால் டேப் இரைச்சலுக்குள் மெல்லக் கரைந்தால் நல்ல பிரதி. தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் குழைந்தால், கள்ளப் பிரதியோ அழுத்திச் சுருக்கிய எம்பி3-யோ.

---

வட்டத்தட்டு

2 சிடியே வாங்கிடுறேன். ஒரு கடையில 'எ நைஸ் பேர்'னு ரெட்டை எல்பி மலிவா இருக்கு, இதே ஆல்பமும் ரெண்டாவது ஆல்பமும் சேர்ந்தது. நண்பனுக்கு வாங்கிக் குடுக்கலாமா?

---

ஊசிமுனை

எந்த நாட்டு அச்சு என்று பாருங்கள். 1973 அமெரிக்க அச்சில் 'அஸ்ட்ரானமி டாமினி' ஸ்டூடியோ பதிவு இல்லை, அதன் இடத்தில் 'உம்மகும்மா' ஆல்பத்தின் நேரடி மேடைப் பதிவைப் போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அச்சு என்றால் வாங்கலாம். 'டவர்' லேபிளில் 'பிங்க் ஃப்ளாய்ட்' என்று மட்டும் பெயர் போட்ட 1967 அமெரிக்க எல்பி கண்ணில் பட்டால் அதையும் தெரிந்தே வாங்குங்கள்: 'சீ எமிலி ப்ளே'யில் தொடங்கும், 'அஸ்ட்ரானமி', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூன்றும் இருக்காது.