புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் கார் முழுக்க ஒட்ட எத்தனை மீட்டர் வினைல் ஃபிலிம்?

காரின் நிறத்தை மாற்ற மேலே ஒட்டும் வினைலுக்கு, முன்பு கூரைக்கும் பானட்டுக்கும் மட்டும் கணக்கு போட்டிருந்தேன். முழு வண்டிக்கும் கேட்டவர்களுக்காக இது.

ரோல் அகலம் 1.52 மீ. இரு பக்கவாட்டுக்கும் 8 மீ, கூரை 2, பானட் 1.25, டிக்கிக் கதவு 1.25. இரண்டு பம்பருக்கும் ரோல் அகலத்தில் பக்கத்துப் பக்கமாக வெட்டினால் 2.5 போதும். ஆக 15. மிரர், கைப்பிடி, கெட்டுப்போகும் துண்டு எல்லாம் சேர்த்து 17 வாங்குங்கள்.

கடையில் சதுர அடிக்கு விலை சொன்னால் இந்த 17 மீட்டருக்கு 278 சதுர அடி என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

மெட்டாலிக் நிறம் என்றால் மிச்சத் துண்டைத் திசை மாற்றிப் போட்டு ஒப்பேற்ற முடியாது. வெயிலில் நிறம் வேறாகத் தெரியும். இன்னும் 1 மீ கூட்டுங்கள்.

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பம்பருக்குக் காலண்டர்ட் ஃபிலிம் (உருளைகளுக்கு இடையே அழுத்தித் தட்டையாக்கியது) வேண்டாம். வளைவில் இழுத்தது சுருங்கி, ஓரம் கிளம்பிவிடும். காஸ்ட் ஃபிலிம்தான் (திரவமாக ஊற்றி உலர்த்தியது). அதையும் ஒட்டியபின் ஓரங்களை ஹீட் கன்னால் சூடேற்றியே ஆக வேண்டும்.